எடைச்சீட்டும் ஆற்றின் கணக்கும்

2019ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணியில் 116 நாடுகளைச் சேர்ந்த 9.43 லட்சம் தன்னார்வலர்கள் கலந்துகொண்டார்கள். பெயரில்தான் கடற்கரை, ஆற்றங்கரைகளும் ஏரிக்கரைகளும் இதில் அடக்கம். சுமார் 39,000 கிலோமீட்டர் நீளத்துக்கு அவர்கள் அள்ளிய குப்பை 94.4 லட்சம் கிலோ. கிலோமீட்டருக்கு 242 கிலோ, ஆளுக்கு 10 கிலோ. விடிந்ததும் கரையில் இறங்கி, வெயில் ஏறும்வரை ஒருவர் குனிந்து பொறுக்கினால் சாக்கில் சேரக்கூடிய அளவுதான் இது. ஒரு மனிதரின் ஒரு காலை நேர உழைப்புக்கு 10 கிலோ என்பதை அலகாகக் கொண்டால், ஆற்றுத் தூய்மையின் மற்ற எண்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

அதே பணியில் எண்ணப்பட்ட பொருட்கள் 3.25 கோடி. சராசரியாக ஒரு பொருளின் எடை 290 கிராம். முதலிடம் தின்பண்ட உறைகளுக்கு: சுமார் 47.7 லட்சம். இரண்டாமிடம் சிகரெட் துண்டுகளுக்கு: சுமார் 42.1 லட்சம். 1986இல் இந்தக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து சிகரெட் துண்டுகளை உறைகள் முந்தியது அதுவே முதல் முறை. எண்ணிக்கையில் உறைகளின் பங்கு 14.7 விழுக்காடு. ஓர் உறை 5 கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும், எல்லா உறைகளும் சேர்ந்து 24 டன்தான் வரும். மொத்த எடையில் கால் விழுக்காடு. எண்ணிக்கையில் ஏழில் ஒரு பங்கு, எடையில் நானூறில் ஒரு பங்கு. எடைச்சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த உறைகள் கண்ணிலேயே படாது.

முதல் ஆண்டின் கணக்கு வேறு. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் 2,800 பேர் அள்ளியது 124 அமெரிக்க டன். மெட்ரிக் அளவில் 1,12,500 கிலோ. ஆளுக்கு 40 கிலோ. 33 ஆண்டுகளில் ஆளுக்கு 40 கிலோ 10 கிலோவாகக் குறைந்தது. கரைகள் நான்கு மடங்கு சுத்தமாகிவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. டெக்சாஸ் ஒரே ஒரு கரை. 2019இன் கணக்கு 116 நாடுகளுடையது. ஒன்று மட்டும் சொல்லலாம்: 2019இல் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த குப்பை எடையில் மிக லேசானது.

கனமான குப்பைக்கு மிசிசிப்பி ஆறு சான்று. இல்லினாய் மாநிலத்து ஆற்றங்கரையில் வளர்ந்த சாட் பிரெக்ராக் என்ற இளைஞர், 1997இல் ஒரு நிறுவனம் தந்த 8,400 டாலரை வைத்துக்கொண்டு, தனி ஆளாகப் படகில் சென்று ஒரே பருவத்தில் 45,000 பவுண்டு, அதாவது 20,400 கிலோ குப்பையை அகற்றினார். கிலோவுக்கு 41 சென்ட் செலவு. மறு ஆண்டு அவர் தொடங்கிய அமைப்பு 2013ஆம் ஆண்டுக்குள் 23 ஆறுகளில் 70,000 தன்னார்வலர்களுடன் 70 லட்சம் பவுண்டு எடுத்திருந்தது. 3,175 டன், ஆளுக்கு 45 கிலோ. டெக்சாஸின் 40 கிலோவுக்கு இது பக்கத்தில் நிற்கிறது. ஆனால் மிசிசிப்பியில் பெரும்படகுகளும் பளுதூக்கியும் உண்டு; 45 கிலோ முழுவதையும் கையின் கணக்கில் எழுத முடியாது. அந்தக் குவியலில் 67,000 டயர்கள், ஏறத்தாழ 1,000 குளிர்பதனப் பெட்டிகள், 4 பியானோக்கள் இருந்தன. கார் டயர் ஒன்றுக்கு 20 பவுண்டு என்று வைத்தால் டயர்கள் மட்டும் 13.4 லட்சம் பவுண்டு, மொத்தத்தில் 19 விழுக்காடு. ஐந்தில் ஒரு பங்கு எடை ஒரே வகைப் பொருளிலிருந்து வந்திருக்கிறது. இத்தகைய குப்பையைக் கடையிலேயே பழைய டயரைத் திரும்பப் பெற்றுத் தடுக்கலாம். ஆற்றில் இறங்கி எடுப்பதைவிட அது மலிவு.

எடையின் இன்னொரு சிக்கலைப் பார்க்கப் பாபநாசம் படித்துறைக்குப் போனால் போதும். பரிகாரம் முடித்தவர்கள் தாமிரபரணியில் விட்டுச் செல்லும் வேட்டி, சேலை, துண்டுகளைத் தன்னார்வலர்கள் அவ்வப்போது இழுத்துக் கரை சேர்க்கிறார்கள். பாறை இடுக்கில் சுற்றிக்கொண்ட துணி லேசில் வராது. ஒருவர் நீரில் நின்று அவிழ்க்க, இருவர் கரையிலிருந்து இழுக்க வேண்டும். மணலும் பாசியும் ஏறிய அந்தத் துணியைச் சாக்கில் திணித்துத் தொங்கு தராசில் மாட்டும்போது சாக்கின் அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நனைந்த பருத்தித் துணி உலர்ந்த எடையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. 100 கிலோ என்று எழுதினால் அதில் துணி 50 கிலோ இருந்தால் அதிகம். மீதி ஆற்று நீரும் மணலும். ஈர எடையா, உலர் எடையா என்பதைப் பதிவேட்டில் குறிக்காத குழுக்களின் டன் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது.

ஆகாயத்தாமரையில் இந்தப் பிழை இன்னும் பெரிது. அந்தச் செடியில் 90 முதல் 95 விழுக்காடு நீர். 1 டன் இழுத்துப் போட்டால், காய்ந்தபின் மிஞ்சுவது 50 முதல் 100 கிலோ. வளரும் வேகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாக்கடை நீரின் ஊட்டம் கிடைத்தால் அது இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். நீர்ப்பரப்பில் 95 விழுக்காட்டை அகற்றி, 5 விழுக்காட்டை மட்டும் விட்டுவைத்தால் 14ஆம் நாள் 10, 28ஆம் நாள் 20, 42ஆம் நாள் 40, 56ஆம் நாள் 80 விழுக்காடு. இரண்டு மாதத்தில் பழைய நிலை. ஊட்டத்தை நிறுத்தாத வரை இந்த வேலைக்கு முடிவே கிடையாது.

ஒரு மீட்டர் ஆற்றைத் தோண்டித் துப்புரவாக்க எத்தனை மனித நாட்கள் ஆகும்? இதற்கு விடை தரும் கணக்கு கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் இருக்கிறது. பம்பையையும் அச்சன்கோவில் ஆற்றையும் இணைக்கும் குட்டம்பேரூர் ஆற்றின் நீளம் 12 கிலோமீட்டர். மணல் கொள்ளை, கழிவு, களை மூன்றும் சேர்ந்து அதை நீரோட்டமற்ற சேற்றுப் பள்ளமாக்கியிருந்தன. புதனூர் கிராமப் பஞ்சாயத்து 2017இல் முடித்த சீரமைப்பில் ஊர்மக்கள் சுமார் 700 பேர், பெரும்பாலும் பெண்கள், 70 நாட்கள் வேலை செய்தார்கள். முதலில் களையும் பிளாஸ்டிக்கும், பிறகு சேறு. மொத்தம் ஏறத்தாழ 30,000 மனித நாட்கள். செலவு ஏறத்தாழ 72 லட்சம் ரூபாய். வகுத்தால் நாளுக்கு 240 ரூபாய். 2016-17இல் கேரளத்துக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைத் திட்டக் கூலியும் 240 ரூபாய்தான். ஆகவே செலவு ஏறத்தாழ முழுவதும் கூலியாகவே போயிருக்கிறது. இயந்திரத்துக்கோ ஒப்பந்தக்காரருக்கோ அதில் இடமில்லை.

30,000 மனித நாட்களை 12,000 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 2.5 மனித நாட்கள், 600 ரூபாய். 700 பேரும் 70 நாளும் வந்திருந்தால் 49,000 மனித நாட்கள் ஆகியிருக்கும். 30,000 என்றால் நாளொன்றுக்குச் சராசரி 429 பேர், வருகை 61 விழுக்காடு. இடுப்பளவுக் கழிவு நீரில் இறங்கி மண்வெட்டியால் சேற்றை வெட்டிக் கரையேற்றும் வேலையில் காய்ச்சலும் தோல் நோயும் சகஜம். அந்த வேலையில் 61 விழுக்காடு வருகை போற்றத்தக்கது. அங்கு நீரோட்டம் திரும்பியது. இவர்கள் கூலி பெற்றவர்கள். தன்னார்வலர் என்ற சொல் கறாராகப் பொருந்தாது. ஆனால் தன்னார்வ உழைப்பின் விலையை மதிப்பிட இந்த எண்கள் உதவுகின்றன. தமிழ்நாட்டில் 2025-26இன் கூலி 336 ரூபாய். இதே வேலைச்செறிவு என்றால் மீட்டருக்கு 840 ரூபாய். கரையில் குப்பை பொறுக்கும் தன்னார்வலரின் அரை நாளை 168 ரூபாய் என்று மதித்தால், அவருடைய 10 கிலோவுக்குக் கிலோ 16.80 ரூபாய், டன் 16,800 ரூபாய். கையுறை, சாக்கு, டிராக்டர் வாடகை இதில் சேராது.

இனி கூவம். பருத்திப்பட்டு அணைக்கட்டிலிருந்து முகத்துவாரம் வரை 32 கிலோமீட்டருக்கான ஒருங்கிணைந்த மறுசீரமைப்புத் திட்டத்தின் மதிப்பீடு 604.77 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 18.9 கோடி, மீட்டருக்கு 1.89 லட்சம் ரூபாய். குட்டம்பேரூரின் 600 ரூபாயைப் போல 315 மடங்கு. கூவத்தின் கணக்கில் கழிவுநீர்த் தடுப்பு, கரையோரக் குடும்பங்களின் இடமாற்றம், பூங்காக்கள் எல்லாம் அடங்கும். எனவே இரண்டும் ஒரே வகை வேலை இல்லை. ஆனாலும் அளவைப் புரிந்துகொள்ள ஒன்று சொல்லலாம். 2019இல் 116 நாடுகளில் 9.43 லட்சம் பேர் தந்த அரை நாள் உழைப்பைத் தமிழ்நாட்டுக் கூலியில் மதித்தால் 15.85 கோடி ரூபாய். கூவத்தின் மதிப்பீட்டில் அது சுமார் 840 மீட்டருக்குத்தான் வரும். மாநகர ஆற்றின் சிக்கலைக் கைகளைக் கூட்டிக்கொண்டே போய்த் தீர்க்க முடியாது என்பதை இந்த 840 மீட்டர் காட்டுகிறது.

ஏன் தீர்க்க முடியாது என்பதற்கு 27 கிராம் என்ற எண் விடை. நகரக் குடிநீர் வழங்கலில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடும் அளவு. அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்புகிறது. அதோடு ஒரு மனிதர் அனுப்பும் உயிரிய ஆக்சிஜன் தேவை, பொறியாளர்கள் பி.ஓ.டி. என்று சொல்வது, 27 கிராம். லிட்டருக்கு 250 மில்லிகிராம். அந்தக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு அது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 1 லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம். ஆக, ஒருவருடைய ஒரு நாள் கழிவு 3,600 லிட்டர் நீரின் ஆக்சிஜனை முழுதாக உறிஞ்சிவிடும். குளிக்கத் தகுந்த நீர் என்ற வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். 27 கிராமை அந்த வரம்புக்கு நீர்க்கச் செய்ய, ஆளுக்கு நாளொன்றுக்கு 9,000 லிட்டர் மாசற்ற நீர் வேண்டும். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நம் ஆறுகளில் அது எங்கிருந்து வரும்?

பிளாஸ்டிக் பையின் பி.ஓ.டி. ஏறத்தாழ பூஜ்யம். அது நீரோட்டத்தை அடைக்கும், மாட்டின் வயிற்றில் போகும், கொசுவுக்கு இடம் தரும். அகற்றியே ஆக வேண்டும். ஆனால் 1,000 டன் பிளாஸ்டிக்கை அகற்றினாலும் 3 என்ற அந்த வரம்பை நோக்கி ஆறு ஓர் அடி எடுத்து வைக்காது. எடைச்சீட்டும் நீர்ச் சோதனை அறிக்கையும் அளப்பது வேறு வேறு. முந்தையதைக் காட்டிப் பிந்தையதற்கு நற்சான்று கொடுப்பதுதான் நம் ஆற்றுத் தூய்மைச் செய்திகளில் அடிக்கடி நிகழும் பிழை.

தமிழ்நாட்டின் எண்கள் இவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி நகரங்களில் உருவாகும் கழிவுநீர் நாளொன்றுக்கு 642.1 கோடி லிட்டர். நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 149.2 கோடி லிட்டர், 23 விழுக்காடு. நாடு முழுவதற்கும் 7,236.8 கோடி லிட்டருக்கு 3,184.1 கோடி லிட்டர் திறன், 44 விழுக்காடு. நாட்டின் சராசரியில் தமிழ்நாடு பாதியளவில்தான் நின்றது. மாநிலத்தின் பற்றாக்குறை 492.9 கோடி லிட்டர். லிட்டருக்கு 250 மில்லிகிராம் வீதம் அது நாளொன்றுக்கு 1,232 டன் பி.ஓ.டி. முழுவதும் ஆற்றில்தான் விழுகிறது என்று சொல்ல முடியாது. நிலத்தில் ஊறுவதும் உண்டு. பாதி என்று வைத்தாலும் 616 டன்.

கூவத்தில் ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான பகுதியில் அதே வாரியம் 2022இல் வெளியிட்ட பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிக்கும் வரம்பைப் போல 115 மடங்கு. சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும்போது கச்சாக் கழிவுநீருக்கு எடுத்துக்கொள்ளும் 250ஐயும் இது 38 விழுக்காடு தாண்டுகிறது. வீட்டுச் சாக்கடையைவிடச் செறிவான ஒன்று ஆற்றின் பெயரில் அங்கே ஓடியது. வருத்தத்தோடு எழுத வேண்டிய எண் இது.

பஞ்சாபின் காளி பேயன் ஆற்றில் தன்னார்வலர்கள் எடையைத் தாண்டிய இந்தக் கழிவுநீர்க் கணக்கைத் தொட்டார்கள். 160 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சிற்றாறு, குரு நானக் பல ஆண்டுகள் வாழ்ந்த சுல்தான்பூர் லோதி வழியாக ஓடுகிறது. நகரங்களும் கிராமங்களும் சாக்கடையைத் திருப்பிவிட்டதில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. 2000இல் சந்த் பல்பீர் சிங் சீச்சேவால் தொடங்கிய பணி, கர் சேவா என்னும் உடலுழைப்புத் தொண்டு மரபில் நடந்தது, கூலி இல்லை. குட்டம்பேரூரின் மீட்டருக்கு 2.5 மனித நாட்கள் என்ற வீதத்தை இங்கே பொருத்தினால் 160 கிலோமீட்டருக்கு 4 லட்சம் மனித நாட்கள் தேவைப்பட்டிருக்கும். இது பதிவேட்டு எண் இல்லை, மதிப்பீடு. ஆனால் பல ஆண்டுகள் நீண்ட அந்தத் தொண்டின் பருமனை ஊகிக்க உதவும்.

அவர்கள் களையோடு நிற்கவில்லை. ஊர்ச் சாக்கடையை நிலத்தடிக் குழாய் வழியே குட்டைக்குக் கொண்டுபோய், தெளியவைத்து, வயலுக்குத் திருப்பினார்கள். 2,000 பேர் கொண்ட ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஊரகக் குடிநீர் அளவு ஆளுக்கு 55 லிட்டர். 80 விழுக்காடு திரும்பினால் 44 லிட்டர். ஊருக்கு 88,000 லிட்டர். 1 ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்ச 2.02 லட்சம் லிட்டர் வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு 43 சென்ட் நிலம் பாயும். 10 நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்றால் 4.3 ஏக்கர் நிரந்தரமாகப் பாயும். ஆற்றுக்குப் போகாமல் நின்ற பி.ஓ.டி. ஆளுக்கு 27 கிராம் வீதம் நாளொன்றுக்கு 54 கிலோ, ஆண்டுக்கு 19.7 டன். ஒரு குழாயைத் திருப்பியதன் பலன் இது. அது ஒவ்வொரு நாளும், யாரும் குனியாமலே, தொடர்கிறது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2006இல் நேரில் வந்து பார்த்தார். சீச்சேவாலுக்கு 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்குப் பிறகும், நகரக் கழிவு மீண்டும் கலந்தபோதெல்லாம் அந்த ஆற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்திருக்கின்றன. ஒரு குழாய் திரும்பினால் போதாது; கடைசிக் குழாயும் திரும்ப வேண்டும்.

எண்ணுவதே பணியானதற்கு லண்டனின் தேம்ஸ் உதாரணம். 2018இல் ஹாமர்ஸ்மித் அருகே 116 சதுர மீட்டர் கரையில் தன்னார்வலர்கள் எண்ணி எடுத்த ஈரத்துடைப்பான்கள் 5,453. சதுர மீட்டருக்கு 47. முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ ஆயிரம் கூடுதல். துடைப்பான்கள் பெரும்பாலும் கழிப்பறை வழியே வருபவை. எனவே அந்த எண்ணிக்கை கரையின் குப்பையைச் சொன்னதோடு, மழை நாளில் சாக்கடை ஆற்றில் வழிகிறது என்பதற்கும் சாட்சியானது. பிளாஸ்டிக் கலந்த துடைப்பான்களின் விற்பனையைத் தடை செய்யப்போவதாக பிரிட்டன் அரசு 2024 ஏப்ரலில் அறிவித்தது. வழியும் சாக்கடையைப் பிடிக்க 25 கிலோமீட்டர் சுரங்கம் சுமார் 450 கோடி பவுண்டு செலவில் கட்டப்பட்டு 2025இல் முழு இயக்கத்துக்கு வந்தது. மீட்டருக்கு 1.8 லட்சம் பவுண்டு. சுரங்கம் அரசும் நிறுவனங்களும் செய்யக்கூடிய வேலை. 47 என்ற எண் கரையில் முழங்காலிட்டவர்கள் தந்தது.

இந்தியாவில் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் 2018இல் 351, 2022இல் 311, 2025இல் 296. ஏழு ஆண்டுகளில் 16 விழுக்காடு குறைவு. தமிழ்நாட்டில் 2018இல் 6 பகுதிகள், 2022இல் 10. கூடுதல் அளவீட்டு நிலையங்களும் இந்த உயர்வுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கூவமும் அடையாறும் பட்டியலில் ஏறியது அளவீட்டின் குற்றமாகாது.

உங்கள் ஊர் ஆற்றில் அடுத்த முறை இறங்கும் குழுவில் ஒருவரைச் சாக்கிலிருந்து விடுவித்து, 20 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் கொடுத்து, ஆற்றில் விழும் குழாயின் வாயில் நிறுத்துங்கள். கையுறையும் காலணியும் கட்டாயம். வாளி 10 வினாடியில் நிரம்பினால், அந்தக் குழாய் நாளொன்றுக்கு 1,72,800 லிட்டர் கொண்டுவருகிறது. ஆளுக்கு 108 லிட்டர் வீதம் அது 1,600 பேரின் கழிவு. 43 கிலோ பி.ஓ.டி. குழாய் இருக்கும் இடம், தேதி, நேரம், வாளி நிரம்பிய வினாடிகள் ஆகியவற்றை எடைச்சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதுங்கள். மாதம் ஒரு முறை அதே குழாயில், அதே நேரத்தில் அளந்து பாருங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவில் எத்தனை டன் அள்ளினோம் என்பதோடு எத்தனை குழாய்கள், எத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.